முன்னோர் பெயர் மறவோம்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் பணிகளைப் பற்றி இம்மலரில் பலரும் எழுதியுள்ளனர். நாம் இங்கு எழுதப் புகுவது வேறொரு கல்வியைப் பற்றியதாகும். நம் இளைஞர்களுள் பட்டம் பெற்றோர் இன்று பலர். அவர்களை நோக்கி, "உம் பாட்டனாரின் தந்தை பெயர் என்ன? அவர் எவ்வூரில் பிறந்தார்? என்ன தொழில் செய்தார்?" என்று வினவினால், விடை கூறுவோர் மிகச் சிலரே. மன்னர்களின் பரம்பரையை மனப்பாடமாக ஒப்பிக்கும் நாம், நம் பரம்பரையில் மூன்றாம் தலைமுறைக்கு அப்பால் இருளில் நிற்கிறோம்.

இது நம் குற்றமன்று. எழுத்து நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டது. நிலமுடையார்க்குப் பத்திரம் இருந்தது; கோயில் உரிமையுடையார்க்குச் செப்பேடு இருந்தது; உழைத்தவர்க்குக் கைரேகை மட்டுமே இருந்தது. ஆயினும், பதிவே இல்லாத மக்கள் நாம் என்று எண்ணிக்கொள்வது பிழையாகும். நம்மை ஆண்டவர்களும், நம் உழைப்பை விலைக்கு வாங்கியவர்களும், தம் தேவைக்காக நம் முன்னோரின் பெயர்களை எழுதி வைத்தனர். அவற்றுள் ஒரு பகுதி இன்று இணையத்தின் வாயிலாக நம் கைப்பேசிக்கே வந்து சேர்ந்துள்ளது. அவற்றைத் தேடிப் படித்து, நம் வீட்டு நினைவுகளோடு ஒப்பிட்டு, நம் வரலாற்றை நாமே எழுதவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பேரன் எழுதியதால் நிலைத்த பெயர்

இதற்கு வழிகாட்டியவர்கள் நம் முன்னோடிகளே. 1907ஆம் ஆண்டு 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய பண்டிதர் அயோத்திதாசர், தம் பாட்டனார் கந்தப்பன் என்பவர் ஆங்கிலேயர் ஒருவரிடம் பட்லராகப் பணியாற்றியவர் என்றும், தம்மிடமிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரையிடம் சேரச் செய்தவர் என்றும் எழுதி வைத்தார். பேரன் எழுதியிராவிடில், ஒரு துரை வீட்டுப் பணியாளராகவே அப்பெரியவர் மறைந்திருப்பார். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் தம் வாழ்க்கையை 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் சிறு நூலாக 1939இல் வெளியிட்டார். அளவிற் சிறியதாயினும், பின்வந்த ஆய்வாளர் அனைவரும் அதை நாடிச் செல்கின்றனர். ஒரு குடும்பத்தின் நினைவு ஒரு சமுதாயத்தின் சான்றாக மாறுவது இவ்வாறுதான்.

முதற் பாடம் வீட்டிலே

ஆராய்ச்சி தொடங்கவேண்டிய இடம் கணினி அன்று, வீட்டுத் திண்ணையே. முதலில் பாட்டியைக் கேளுங்கள். நம் வழக்கங்களிலேயே பல தடயங்கள் மறைந்துள்ளன. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் சென்ற குடும்பமும் குலதெய்வத்தை எளிதில் மாற்றிக் கொள்வதில்லை. ஆகவே, "நம் குலதெய்வம் எந்த ஊரில் உள்ளது?" என்னும் ஒரு கேள்வி, நூறாண்டுகளுக்கு முந்தைய சொந்த ஊரைக் காட்டிவிடக்கூடும். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதனாலன்றோ 'பெயரன்' எனப்பட்டான்! ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறையில் திரும்ப வருவதைக் கொண்டு வரிசையைக் கண்டறியலாம். பழைய திருமணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, மொய் நோட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்று ஆகிய ஒவ்வொன்றும் ஓர் ஆவணமே. பள்ளிச் சான்றிதழிற் காணும் பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பிவிடுதல் கூடாது. சேர்க்கை நாளில் ஆசிரியரே கணித்து எழுதிய தேதிகள் பல.

கடல் கடந்தோர் பட்டியல்

1860 முதல் 1911 வரை நட்டால் நாட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோர் 1,52,184 பேர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். முதற் கப்பலாகிய 'ட்ரூரோ' 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறையை அடைந்தது. அக்கப்பல்களின் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியவை அதில் எழுதப்பட்டுள்ளன. அப்பட்டியல்கள் கணினியில் ஏற்றப்பட்டு, இன்று டர்பனிலுள்ள பேரப்பிள்ளைகள் அவற்றைக் கொண்டு வடஆர்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் தம் ஊரைத் தேடுகின்றனர். இங்கிருந்து அவர்களைத் தேடுவோர் எத்தனை பேர்?

இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற குடும்பங்கள் நம்மிடையே பல. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு திரும்பியோர் கையிலிருந்த கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் அவர்கள் வாழ்ந்த தோட்டத்தையும் உறவுகளையும் காட்டுவன. மலையகம் பற்றிய நூல்களையும் இதழ்களையும் 'நூலகம்' என்னும் இணையத்தளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். 2001ஆம் ஆண்டு மூடப்பட்ட கோலார் தங்கச் சுரங்கத்தில் உழைத்தோர் வீடுகளிலும் பணிச் சான்றுகள் பெட்டிகளில் உறங்குகின்றன. அவை மட்கிப் போவதற்கு முன் படியெடுக்கப்பட வேண்டும்.

நிலத்தின் சாட்சி

குடும்ப வரலாறு வெறும் பெருமைக்காக மட்டுமன்று, உரிமைக்காகவும் ஆகும். செங்கற்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையின் பயனாக, 1892ஆம் ஆண்டு வெளியான 1010ஆம் எண் அரசாணையின் வழி நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. அதுவே பஞ்சமி நிலம். பத்து ஆண்டுகள் வரை அதனை விற்றல் ஆகாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பாரன்றிப் பிறருக்கு விற்றல் ஆகாது என்பது நிபந்தனை. அந்நிலங்களுட் பல இன்று யார் கையில் உள்ளன என்பதை நாம் அறிவோம். அந்நிலத்தை மீட்க 1994இல் காரணையில் எழுந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியானதையும் நாம் மறக்கவில்லை.

இன்றைய 'அ' பதிவேட்டு விவரத்தைத் தமிழக அரசின் இணையச் சேவையில் சர்வே எண்ணைக் கொடுத்துக் காணலாம். பழைய நிலவரித் திட்டப் பதிவேடுகளை மாவட்ட ஆவண அறையிலும், எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தேடவேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நகல் கேட்கவும் வழியுண்டு. "அந்தக் கொல்லை நம்முடையதாக இருந்தது" என்று பாட்டி சொல்வது ஒரு கதை. அதே இடத்தின் எண்ணுக்கு நேராகப் பாட்டனார் பெயர் பதிவேட்டிற் காணப்பட்டால் அது ஒரு சான்று.

சில எச்சரிக்கைகள்

பெயர் ஒன்றாயிருப்பதனாலேயே அவர் நம் முன்னோர் ஆகிவிடார். முனியன்களும் சின்னம்மாள்களும் ஊருக்கு ஒருவராயினும் இருப்பர். பெயர், தந்தை பெயர், ஊர் ஆகியவற்றுள் இரண்டேனும் பொருந்தல் வேண்டும். ஆங்கில எழுத்தர் தம் காதுக்கு எட்டியவாறு எழுதினராதலின், ஒரே பெயரைப் பலவாறு எழுத்துக்கூட்டித் தேடுக. நம் சமுதாயப் பெயரும் காலந்தோறும் மாறிற்று. 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை அரசு ஏற்றது 1922ஆம் ஆண்டில். அதற்கு முந்தைய ஏடுகளில் அப்பெயரால் தேடிப் பயனில்லை.

அப்பழைய ஏடுகளில் நம்மைக் குறிக்கும் சொற்களைக் கண்டு சிலர் நாணி ஏட்டை மூடிவிடுகின்றனர். அந்நாணம் எழுதியவர்க்கு உரியது, எழுதப்பட்டவர்க்கு உரியதன்று. எனினும், வாழ்வோரின் விவரங்களை அவர்தம் இசைவின்றி இணையத்தில் வெளியிடுதல் கூடாது. அடையாளத்தை மறைத்தே வேலையும் வீடும் பெற நேர்ந்தவர்கள் நம்மிடையே இன்றும் உள்ளனர். அவர்கள் மௌனத்தை மதித்தல் நம் கடமை.

நம் சங்கம் செய்யத்தக்கது

ஒரு குறையை இங்கு ஒளிக்காது கூறுகிறோம். இளம் வயதில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவரிடம் வாழ்க்கைக் கதையைக் கேட்டுப் பதிவு செய்யவேண்டும் என்று மூன்று கூட்டங்களிற் பேசினோம். ஒருவரும் செல்லவில்லை. அவ்வம்மையார் காலமானார். காரியம் முடிந்தபின் நாம் சென்று கேட்டபோது, அவர் தகரப் பெட்டியில் இருந்த தாள்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன என்றனர். வீட்டாரைக் குறை கூறுதற்கில்லை. அத்தாள்களின் மதிப்பை நாமன்றோ அவர்கட்கு உரைத்திருக்க வேண்டும்!

ஆகவே, நம் உறுப்பினர் குடும்பம் ஒவ்வொன்றும் தன் வரலாற்றை இரண்டு பக்கங்களில் எழுதி, அடுத்த ஆண்டு விழாவுக்குள் சங்கத்தில் சேர்ப்பிக்க வேண்டுகிறோம். முதியோர் பேச்சைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்க. ஆவணங்களை இருபுறமும் படமெடுக்க. புகைப்படத்தின் பின்புறம் பென்சிலால் பெயர்களைக் குறிக்க. மூலத் தாளைப் பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிவிடாதீர். பின்னர் பிரிக்க இயலாது. ஒவ்வொன்றிலும் மூன்று படிகள் மூன்று இடங்களில் இருக்கட்டும். ஒரே வீட்டில் வைத்தவை 2015ஆம் ஆண்டு வெள்ளத்தில் ஒரே இரவில் போனதைச் சென்னை வாழ் நம் மக்கள் அறிவர். சங்க நூலகத்தின் ஒரு பேழையும் ஒரு கணினியும் இதற்கென ஒதுக்கப்படல் வேண்டும்.

இளைஞர்களே! நம் சங்கம் நமக்கு எழுத்தைத் தந்தது. அவ்வெழுத்தைக் கொண்டு, எழுத்தறியாது மறைந்த அவர்தம் பெயர்களை முதலில் எழுதுவோம். இன்று மாலையே வீட்டில் மூத்தவர் அருகில் அமர்ந்து, "உம் பாட்டி பெயர் என்ன?" என்று கேளுங்கள். நாளை என்று ஒத்திவைத்து நாம் இழந்தது போதும்.