ஷானன் ஆத்துத் தண்ணியும் முழங்கால் பெண்ணும்

வெள்ளம்னா ராத்திரியோட ராத்திரியா திபுதிபுன்னு வந்து எல்லாத்தையும் அடிச்சுக்கிட்டுப் போறதுன்னுதான் நினைப்போம். அயர்லாந்தோட ஷானன் நதி அப்படி இல்லீங்க, சரியான சோம்பேறி. நீளம் 360 கிலோமீட்டர். ஆனால் நடுப்பகுதியில் கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர் சரிவுதான். அத்லோனில் இருந்து போர்ட்டம்னா வரை இரண்டு கரையிலும் 'கேலோஸ்' என்கிற புல்வெளி. குளிர்காலம் வந்தால் ஆறு அதில் ஏறிப் படுத்துக்கும். மெதுவா வரும், மெதுவாத்தான் போகும். வாரக்கணக்கில் பாதை தண்ணிக்குள் கிடக்கும்.

இந்த வரலாற்றை நான் இப்ப விழுந்து விழுந்து படிக்கக் காரணம் இருக்கு. நாங்க குடியிருப்பது அத்லோனுக்கு மேற்கே ஒரு குக்கிராமத்தில். வீட்டம்மாவுக்கு பிப்ரவரி நடுவில் பிரசவம். ஊருக்கு இருப்பதோ ஒரே ஒரு ரோடு. (ஆத்து மட்டத்தை அரசாங்கத் தளத்தில் இருந்து எடுத்து வரைபடம் போட ஒரு ஸ்க்ரிப்ட் எழுதி வெச்சிருக்கேன். பொட்டி தட்டுறவனுக்கு வேற என்ன தெரியும்!)

சரி, மேட்டருக்கு வருவோம். ரோடும் இல்லாமல், போனும் இல்லாமல் அந்தக் காலத்துப் பொம்பளைங்க என்னதான் பண்ணினாங்க?

ஊருக்கு ஊர் ஒரு 'பான் க்லூனா' இருந்தாங்க. ஐரிஷில் 'முழங்கால் பெண்'னு அர்த்தம். படிச்ச நர்ஸ் இல்லை, அனுபவசாலி. 1851 சட்டப்படி நாட்டை மருந்தகப் பகுதிகளாப் பிரிச்சாங்க. ஏழைகளுக்கு டாக்டர் இலவசம்தான். ஆனா டிக்கெட் வாங்கணும். நோயாளி மருந்தகத்துக்குப் போனால் கறுப்பு டிக்கெட், டாக்டரே வீட்டுக்கு வரணும்னா சிவப்பு டிக்கெட். வலி எடுத்தவளை விட்டுட்டு எவனாவது டிக்கெட் கொடுக்கிற பெரிய மனுஷனைத் தேடி ஓடணும். வெள்ளக் காலத்தில் இதை யோசிச்சுப் பாருங்க. பக்கத்து வீட்டு முழங்கால் பெண்ணைக் கூப்பிட்டவங்களை நான் குறை சொல்லவே மாட்டேன்.

1918-இல் மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பதிவு செய்யாதவங்க வழக்கமாகவும் காசுக்காகவும் பிரசவம் பார்க்கக்கூடாதுன்னு தடை. சட்டம் தேவையானதுதான், சந்தேகமே இல்லை. சுத்தமில்லாத கையால் செத்துப்போன தாய்மார் எத்தனையோ பேர். ஆனா லண்டனில் போட்ட சட்டம் கேலோஸ் கரைக்கு வந்து சேர ரொம்ப நாளாச்சு.

1950-51-இல் நடந்ததுதான் பெரிய கூத்து. சுகாதார மந்திரி நோயல் பிரவுன், தாய்க்கும் 16 வயசு வரை பிள்ளைக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வைத்தியம்னு ஒரு திட்டம் கொண்டு வந்தார். டாக்டர்கள் எதிர்த்தாங்க. கத்தோலிக்க பிஷப்புகளும் எதிர்த்தாங்க, குடும்ப விஷயத்தில் அரசாங்கம் தலையிடக்கூடாதாம்! கூட இருந்த மந்திரிகளே கைவிட, 1951 ஏப்ரலில் பிரவுன் ராஜினாமா பண்ணிட்டார். 1953 சட்டத்தில் அதே திட்டம் கொஞ்சம் சுருங்கின வடிவத்தில் வந்தது. இன்னிக்கு இங்கே வசிக்கிற எந்தத் தாய்க்கும் பிரசவ வைத்தியம் இலவசம். என் வீட்டம்மாவோட ஃபைலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனுஷர் ஞாபகம்தான்.

அடுத்து 1954 டிசம்பர். ஷானன் கரையெல்லாம் முங்கிப்போய் ராணுவமே உதவிக்கு வந்தது. பக்கத்து வீட்டு ஆயாவுக்கு அப்ப ஏழு வயசு. அவங்க தம்பி அந்த மாசம்தான் பிறந்தாராம். நர்ஸம்மாவைத் தட்டைப் படகில் உட்கார வெச்சு அப்பா துடுப்பு போட்டுக் கூட்டி வந்திருக்கார். பை நனையக்கூடாதுன்னு மடியிலேயே வெச்சிருந்தாங்களாம். அடுப்புக்குப் பீட் கரி இருந்ததாலதான் பிழைச்சோம்னு சொன்னாங்க. தொட்டிலுக்குக் குறுக்கே இரும்பு இடுக்கியையும் வெச்சாங்களாம், தேவதைங்க பிள்ளையைத் திருடிட்டுப் போகாம இருக்க!

வெள்ளத்தைத் தடுக்க வழி சொல்லுங்கன்னு ரைடெல் என்கிற அமெரிக்க எஞ்சினியரைக் கூப்பிட்டாங்க. 1956-இல் அறிக்கை கொடுத்தார். சுலபமான தீர்வு இல்லை என்பதுதான் சாரம். 2009 நவம்பரில் மறுபடி வெள்ளம், 2015 டிசம்பரில் மறுபடி. அதுவரையிலான பதிவுகளில் நாடு முழுக்க அதிக மழை கொட்டின மாசம் அதுதான்.

நம்ம திட்டம் இதுதான்: வரைபடத்தில் நான் போட்ட சிவப்புக் கோட்டைத் தண்ணி தொட்டால், பிரசவம் வரைக்கும் பாலினஸ்லோ ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு நண்பர் வீட்டில் ஜாகை. ஆயாவுக்கு வேற திட்டம் இருக்கு. ஜனவரி 31 ராத்திரி ஒரு துணியை வெளியே புதரில் போட்டு வைப்பாங்களாம். மறுநாள் மருத்துவச்சிகளோட காவல் புனிதையான பிரிஜிட்டின் திருநாள். ராத்திரி அந்த அம்மா போற வழியில் துணியைத் தொட்டு ஆசீர்வதிப்பாங்க, பிரசவ வலிக்கு அதை மேலே போட்டுக்கிட்டால் நல்லதுன்னு இங்கே நம்பிக்கை. இதுக்கு வீட்டம்மா தன்னோட பச்சை துப்பட்டாவை எடுத்துக் கொடுத்தாச்சு. நான் ஒண்ணும் சொல்லலை. ஆத்து மட்டம் இன்னிக்கு நாலு சென்டிமீட்டர் ஏறியிருக்கு.