வெளிமரத்திற்கு வர்ணமா, சாயமா?

1411ஆம் ஆண்டில் சுல்தான் அகமது ஷா நிறுவிய அகமதாபாத் நகரம், 2017ஆம் ஆண்டில் இந்திய நகரங்களுள் முதலாவதாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. அந்நகரின் பழைய பகுதியில் ‘போள்’ எனப்படும் குறுகிய தெருக்களில், சித்திர வேலைப்பாடமைந்த மரத் தூண்களும், தாங்கு கட்டைகளும், சன்னல்களும் வீடுகளின் முகப்பை அலங்கரிக்கின்றன. சில வீடுகளில் தேக்கின் ரேகைகளை இன்றும் காணலாம். வேறு சில வீடுகளிலோ பச்சை, நீலம் முதலிய எண்ணெய் வர்ணங்கள் படலத்தின்மேல் படலமாக ஏறி, தச்சனின் உளி செதுக்கிய கொடியும் பூவும் மழுங்கிக் கிடக்கின்றன. இருவகை வீட்டாரும் விரும்பியது மரத்தின் பாதுகாப்பையே, வழிகள்தாம் வேறு. இவ்விரு வழிகளின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

மரத்திற்கு வெளியிலிருந்து வரும் பகைவர் இருவர். ஒன்று வெயில், அது மரத்தின் மேற்பரப்பைச் சிதைத்துச் சாம்பல் நிறமாக்குகிறது. மற்றொன்று நீர், அது மரத்தை உப்பச் செய்து, உலராமல் தங்கிவிட்டால் உளுக்கச் செய்கிறது. வர்ணம் மரத்தின்மேல் ஒரு தோல்போலப் படிந்து, இவ்விரண்டையும் வெளியே நிறுத்துகிறது. சாயமோ மரத்தின் துளைகளுக்குள் ஊறி, நிறத்தையும் எண்ணெய்ப் பசையையும் உள்ளே செலுத்துகிறது. தோல் முழுமையாக இருக்கும்வரை வர்ணமே வலியது. ஆனால் மூட்டுகளிலும் பலகையின் வெட்டு முனைகளிலும் நீர் புகுந்துவிட்டால், அதே தோல் அந்நீரை வெளியேற விடாமல் தடுக்கிறது. பின்னர் வர்ணம் கொப்புளித்து உரிகிறது. அதன் மறைவில் மரம் மெல்ல அழிகிறது. சாயம் இவ்வாறு உரிவதில்லை. வெயிலிலும் மழையிலும் தேய்ந்து மங்குகிறது. ஆகவே அதனை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும்.

ஊற வைக்கும் முறையே பழமையானது எனக் கருத இடமுண்டு. நார்வே நாட்டின் போர்குண்டு என்னுமிடத்தில், ஏறத்தாழ 1180ஆம் ஆண்டில் முற்றிலும் மரத்தால் எழுப்பிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. பைன் மரத்திலிருந்து வடித்த கீலை மீண்டும் மீண்டும் தடவி வந்ததே அதன் நீண்ட வாழ்வின் காரணங்களுள் ஒன்று. அண்டை நாடான சுவீடனில், ஃபாலுன் செப்புச் சுரங்கத்தின் கழிவு மண்ணிலிருந்து கிடைத்த செங்காவியை நீரிலும் தானிய மாவிலும் காய்ச்சி வீடுகளுக்குப் பூசினர். இது பூச்சே ஆயினும் தோலாக இறுகுவதில்லை. நாளடைவில் பொடியாக உதிர்வதால், பழையதைத் துடைத்துவிட்டு மறுபடியும் பூசுவது எளிது. அச்சுரங்கம் 1992இல் மூடப்பட்டது. சிவப்பு வீடுகளோ அந்நாட்டின் அடையாளமாகவே நிலைத்துவிட்டன.

நம் நாட்டிலும் எண்ணெயூட்டும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மேற்குக் கடற்கரையில் முந்திரிக்கொட்டையின் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் படகுகளுக்குத் தடவுவது நாமறிந்ததே. குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டவர்கள், மரத்தின் இயற்கை நிறமே அதன் அழகுக்கு அடிப்படை என்பதை உணர்வர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகும் தன்மையுடையது. எண்ணெய் வர்ணத்திற்கு அதுவே ஆதாரம். இந்தியாவிலிருந்து ஆளிவிதை பெருமளவில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. அங்கிருந்து ஆயத்த வர்ணம் டப்பாக்களில் அடைபட்டு இங்கு வந்திறங்கியது. 1902ஆம் ஆண்டில் கல்கத்தாவை அடுத்த ஹௌராவில் ஷாலிமார் வர்ணத் தொழிற்சாலை தோன்றியபின், உள்நாட்டு உற்பத்தி வேரூன்றியது. கண்ணைக் கவரும் நிறம், பளபளப்பு, கடையில் வாங்கி உடனே பூசும் வசதி ஆகிய மூன்றும் வர்ணத்தின் செல்வாக்கை வளர்த்தன.

அதே நூற்றாண்டில் ஊற வைக்கும் முறையும் புத்துயிர் பெற்றது. 1838இல் ஜான் பெத்தல் என்னும் ஆங்கிலேயர், நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தின் மூலம் மரத்திற்குள் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ரயில் பாதையின் ஸ்லீப்பர் கட்டைகள் அதனால் நீடித்து உழைத்தன. 1877இல் பாஸ்டன் நகரில் சாமுவேல் காபட் என்பவர், நிலக்கரித் தாரையே மூலப்பொருளாகக் கொண்டு வீட்டு மரத்திற்கான சாயங்களைச் செய்யத் தொடங்கினார். ஆயினும் நம் நகரங்களில் வர்ணமே மேலோங்கி நின்றது.

அவ்வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. பழைய எண்ணெய் வர்ணங்களில் ஈயம் கலந்திருந்தது. 1921ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளை ஈயம் பூசுவதற்குச் சில விலக்குகளுடன் தடை விதிக்கும் உடன்படிக்கையை இயற்றியது. வெளிமரம் அத்தடைக்குள் வரவில்லை. இந்தியாவில் வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2016இல் இயற்றப்பெற்று, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எனவே அதற்கு முந்திய வர்ணத்தை உப்புத்தாள் கொண்டு உலர்வாகத் தேய்த்தால், எழும் தூசியில் ஈயம் இருத்தல் கூடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு அது பெருங்கேடு. உத்தியோக நிமித்தம் பழைய வீடுகளில் குடியிருக்கும் நம்மவர்கள், வீட்டுக்காரர் மராமத்து தொடங்கும்போது இதனை நினைவிற் கொள்ளல் நலம். மரத்தை நனைத்துத் தேய்ப்பதும், குழந்தைகளை அப்புறப்படுத்துவதும், துகள்களைத் திரட்டி அகற்றுவதும் இன்றியமையாதன.

வரலாறு நமக்கு உணர்த்துவது இதுதான்: சாயமிட்ட மரத்திற்குப் பின்னொரு நாள் வர்ணம் பூசலாம், வர்ணம் பூசிய மரத்தை மீண்டும் சாயத்திற்குக் கொணர வேண்டுமாயின், முழுவதும் சுரண்டியாக வேண்டும். சித்திர வேலையுள்ள மரத்தில் அம்முயற்சி தச்சனின் கைவண்ணத்தையே கெடுக்கக்கூடும். ஆகையால் ரேகை சிறந்த தேக்குக்கும் செதுக்கு வேலைக்கும் எண்ணெயோ சாயமோ பொருந்தும். மட்டமான மரத்துக்கும், ஒட்டுப்போட்ட சட்டத்துக்கும், முன்னரே வர்ணம் ஏறிய நிலைக்கும் வர்ணமே தக்கது. எதனைத் தேர்ந்தாலும், வெட்டு முனைகளில் நன்கு ஊட்டுவதும் நீர் தேங்காமல் காப்பதும் முதற்கடமை. போர்குண்டு தேவாலயத்தைக் காத்தது கீல் மட்டுமன்று. தலைமுறைதோறும் கீற்பானையுடன் ஏணியில் ஏறிய மனிதர்களும் ஆவர். அத்தகைய கவனிப்புக்கு நம் வீட்டில் ஆளுண்டா என்று கேட்டுக்கொண்டே, முதற் பூச்சைத் தொடங்குவோமாக.