யாழ்ப்பாணத் தீவகம்: ஐரோப்பியர் காலக் கடல் வணிகம் (1619–1795)

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே பாக்கு நீரிணையை ஒட்டிக் கிடக்கும் ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலியன தீவகம் எனப்படும். 1619இல் போர்த்துக்கேயர் சங்கிலி குமாரனை வென்று யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியும் 1795இல் ஆங்கிலேயரும் அதை எடுத்துக்கொண்டனர். தீவகத்தை உலக வணிகத்தோடு இணைத்தவர்கள் ஐரோப்பியரே என்று கருதுவோர் உண்டு. நயினாதீவிலுள்ள கல்வெட்டு அதற்கு இடம் தரவில்லை. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் பொறித்த அச்சாசனம், பிறநாட்டு வணிகர் ஊர்காவற்றுறையில் வந்து கூடவேண்டும், அவர்களைக் காக்கவேண்டும் என்கிறது. யானை, குதிரை கொணரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கும், சரக்குக் கலம் உடைந்தால் பாதியும் பண்டாரத்துக்கு, எஞ்சியது உரியவருக்கு எனவும் விதிக்கிறது. கப்பற்சேதத்துக்கே பங்குக்கணக்கு வகுக்குமளவு போக்குவரத்து அன்றே இருந்திருக்கிறது. ஐரோப்பியர் பிடித்தது அந்த ஓட்டத்தின் வாயிலை.

வாயில் என்பது ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கும் ஹமன்ஹீல் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் வலுப்படுத்தியது. வன்னிப் பகுதியின் தலைவர்களான வன்னியர் திறையாகக் கொடுத்த யானைகள் ஊர்காவற்றுறையில் கப்பலேறின. வாங்கியோர் கோல்கொண்டாவையும் வங்கத்தையும் சேர்ந்த வணிகர். சங்கு வங்கத்துக்குப் போனது. துணிக்குச் சிவப்பேற்றும் சாயவேரைத் தோண்டிக் கொடுப்பது சில சாதியார்மேல் சுமத்தப்பட்ட கடமை. தமிழ் மன்னரும் யானையைத் தமக்கென வைத்திருந்தார்களே, ஊழியம் வாங்கினார்களே, இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஊழியத்தைப் பொறுத்தவரை கம்பனி பழைய வழக்கைத்தான் தோம்பு என்னும் பதிவேட்டில் எழுதி இறுக்கியது. ஆனால் பராக்கிரமபாகு போன்ற மன்னர் பிறநாட்டு வணிகரை விரும்பி அழைத்தனர். கம்பனிக்கு அவர்கள் போட்டியாளர். 1670 அளவில் துணி உட்பட முக்கிய சரக்குகளைத் தனக்கே ஒதுக்கிக்கொண்ட கம்பனி, சீட்டில்லாத தோணியைக் கள்ளத்தோணியாகவே நடத்தியது. மன்னர் காலத்தில் சுங்கம் கொடுத்துத் தொழில் நடத்தியவர் இப்போது சட்டத்துக்கு வெளியே நின்றார்.

உள்ளூரார் அனைவரும் இழந்தனர் என்பதும் சரியல்ல. யாழ்ப்பாணத்தின் ஒல்லாந்தத் தளபதி ஸ்வார்டெக்ரூன் 1697இல் எழுதிவைத்த குறிப்பின்படி, 1694 இறுதியிலிருந்து இரண்டு ஆண்டுகளில் 3,589 அடிமைகள் எதிர்க்கரையிலிருந்து இங்கே இறக்கப்பட்டனர். தஞ்சைப் பக்கம் பஞ்சம். வாங்கியோரில் யாழ்ப்பாண நிலக்காரரும் இருந்தனர். ஆள்தலைக்கு வரி வாங்கியது கம்பனி. அந்த வணிகத்தில் கம்பனியும் நிலக்காரரும் ஒரே பக்கம்.

ஐரோப்பியர் புதிதாகக் கொண்டுவந்தவை இல்லையா? உண்டு, இரண்டைச் சொல்லலாம். நெடுந்தீவிலும் இரணைதீவிலும் குதிரை வளர்த்தனர். அது ஆட்சியாளர் தேவைக்கான தொழில், அத்தேவை போனதும் படுத்துவிட்டது. இன்று நெடுந்தீவில் கட்டாக்காலியாய்த் திரியும் குதிரைகள் அதன் மிச்சம். மற்றது புகையிலை, அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கேயர் வழியாக ஆசியாவுக்கு வந்த பயிர். அதைச் செம்மண்ணில் இறைத்து வளர்த்தவர் உள்ளூர்க் கமக்காரர். திருவிதாங்கூருக்கு ஏற்றி விற்றவர் உள்ளூர் வணிகரும் தோணிக்காரரும். பயிர் பேரரசுகளின் வழியே வந்தது, அதன் சந்தையைத் தேடிக்கொண்டவர் இவர்கள். ஒல்லாந்தர் போன பிறகும் அச்சந்தை 20ஆம் நூற்றாண்டுவரை யாழ்ப்பாணப் புகையிலையை வாங்கிவந்தது.