பாட்டுக்கு முன்னால் வந்த பெயர்கள்



"சிலோன் ரேடியோவைப் பற்றி எழுதுங்களேன் சார்" என்று உங்களில் இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். பதிவு கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் வேறு எப்படி வரும்?

கொழும்பில் வானொலி 1925-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் கடல் தாண்டி நம் வீட்டுத் திண்ணைவரை அது எட்டியதற்குக் காரணம் இரண்டாம் உலகப்போர். 1944-இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்கு ஆசியப் படைகளின் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றினார். பர்மாக் காடுகளிலும் பிற இடங்களிலும் ஊரைப் பிரிந்து கிடந்த சிப்பாய்களுக்குச் செய்தியும் பாட்டும் சொல்ல, கொழும்பிலிருந்து ஒரு ராணுவ வானொலி இயங்கியது. துப்பாக்கியும் ரொட்டியும் இருந்தால் மட்டும் சிப்பாய் தாக்குப்பிடிக்க மாட்டான், வீட்டு நினைப்பும் ஆளைத் தின்றுவிடும் என்பது ராணுவத்துக்குத் தெரிந்திருந்தது. போருக்குப் பின் அந்த நிலையமும் அதன் சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பியும் இலங்கை அரசின் கைக்கு வந்தன. 1950-இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. சிப்பாய்களின் தனிமைக்காக வந்த கருவி அப்படித்தான் நமக்கும் வாய்த்தது.

இந்தப் பக்கம் என்ன நடந்தது? 1952-இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தவர். அகில இந்திய வானொலியில் அதற்கான நேரம் வெகுவாகக் குறைந்தது. ஜனங்கள் சண்டை போடவில்லை, முள்ளை நகர்த்திச் சிலோனில் வைத்துக்கொண்டார்கள். இந்தியில் 'பினாகா கீத்மாலா' வட இந்தியாவையே கட்டிப்போட்டது. தமிழில் மயில்வாகனனும், பிறகு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரும் நம் வீட்டு ஆட்களே ஆனார்கள். டில்லி இறங்கிவந்து விவித பாரதியைத் தொடங்கியது 1957 அக்டோபர் 3 அன்று.

பாட்டுக்காகத்தான் ஜனங்கள் போனார்கள். ஆனால் அங்கேயே தங்கிப்போனதற்குப் பாட்டு மட்டும் காரணம் இல்லை என்பது என் எண்ணம். 'நீங்கள் கேட்டவை', 'பிறந்தநாள் வாழ்த்து' இரண்டையும் நினைத்துப் பாருங்கள். பாட்டுக்கு முன்னால் பெயர்கள் வரும். ஒரு பாட்டுக்கு ஊர் ஊராகப் பத்துப் பதினைந்து பெயர்கள். யாழ்ப்பாணத்துக்காரர் பெயரும் மலையகத் தோட்டத்துக்காரர் பெயரும் நம் ஊர்க்காரர் பெயரும் ஒரே மூச்சில் வாசிக்கப்படும். முகம் தெரியாத இத்தனை பேர் நம்மைப் போலவே இதே பாட்டுக்கு இப்போது காத்திருக்கிறார்கள் என்று அந்தப் பட்டியல் சொல்லிவிடும். பாட்டை இசைத்தட்டு எந்த நேரமும் தரும். உடன் கேட்கிறவர்களைத் தராது.

இதை நான் புரிந்துகொண்டது கோத்தகிரிப் பக்கம் வேலை பார்த்தபோது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தின்படி மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் முடிவாயிற்று. 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். காகிதத்தில் அது கணக்கு. வீடுகளில், அண்ணன் அங்கே தம்பி இங்கே என்று பிரிந்தார்கள். கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு அமர்ந்தவர்கள் பலர். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசியவர்களை இங்கே "சிலோன்காரர்கள்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த லைன் வீடுகளில் சாயங்காலம் ஒரு டிரான்சிஸ்டரைச் சுற்றி நாலு குடும்பம் உட்கார்ந்திருக்கும். என் மாணவன் ஒருவனின் பாட்டிக்குப் பாட்டில் அவ்வளவு நாட்டம் இல்லை. பெயர் வாசிக்கும்போது மட்டும் "சத்தம் போடாதீங்க" என்பார். இளைய மகள் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலேயே தங்கிவிட்டாள். மகள் பெயர் வந்ததாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தின் பெயர் ஒருமுறை வந்தது. ஒரு வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் "எங்க தோட்டத்தைச் சொன்னாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடிதம் வர வாரக்கணக்காகும், போக வழியே கிடையாது. அந்த ஒரு சொல்லில் அவருக்குத் தன் வீட்டு வாசலே தெரிந்திருக்கும்.

1983-க்குப் பின் அந்தத் தீவின் நிலை நமக்குத் தெரியும். இங்கேயும் டேப் ரெக்கார்டர் வந்தது, டெலிவிஷன் வந்தது. திண்ணைக் கூட்டம் கலைந்தது.

இப்போது உலகத்துப் பாட்டெல்லாம் உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன், நானும் கேட்கிறேன். ஆனால் காதில் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்கும்போது பாட்டு வருகிறது, பெயர்கள் வருவதில்லை. அதனால் ஒரு சின்ன வீட்டுப்பாடம். இன்று பிடித்த பாட்டு ஒன்றைக் கேட்டால், நெடுநாளாகப் பேசாத ஒருவருக்கு அதை அனுப்புங்கள். "இது உங்களுக்காக" என்று அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

உங்கள் வீட்டார் பெயர் என்றைக்காவது சிலோன் ரேடியோவில் வந்திருந்தால், எந்தப் பாட்டுக்கு வந்தது என்று கீழே சொல்லுங்கள். வரிசையாக எல்லாவற்றையும் வாசிக்கிறேன்.