நோயாளிக்கேற்ற இரத்த ஓட்ட மாதிரி

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் ஒருவரின் இதயமும் இரத்தக் குழாய்களும் அந்த நேரத்தில் எந்த நிலையில் உள்ளன என்பதை, அவரிடமே எடுத்த அளவீடுகளிலிருந்து கணிக்கும் சமன்பாடுகளின் தொகுப்பு.

சராசரி இரத்த அழுத்தம் 55 மி.மீ. பாதரசத்துக்கு இறங்கிய மூவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் இரத்தம் இழந்தவர். இன்னொருவருக்கு மாரடைப்பில் இதயத் தசை தளர்ந்திருக்கிறது. மூன்றாமவருக்குக் கிருமித்தொற்றால் குழாய்கள் விரிந்திருக்கின்றன. மானிட்டரில் மூவருக்கும் ஒரே எண்தான். ஆனால் முதலாமவருக்கு இரத்தம் வந்துசேரும்வரை தாக்குப்பிடிக்க உதவும் செலைன், இரண்டாமவரின் நுரையீரலில் நீர் கோக்க வைத்துவிடலாம். அனுபவமுள்ள மருத்துவர் கைகால் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தே பாதி ஊகித்துவிடுவார். மூன்று கோளாறும் ஒரே உடலில் கலந்து வரும்போதுதான் சிக்கல். இரத்தக் கொள்ளளவு, இதயத்தின் சுருங்கு திறன், குழாய்த் தடை ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துச் சொல்வதே மாதிரியின் வேலை.

குதிரையின் இரத்த அழுத்தத்தை அளந்த ஸ்டீபன் ஹேல்ஸ், 1733இல் தமனிகளைத் தீயணைப்பு எந்திரத்தின் காற்றறைக்கு ஒப்பிட்டார். 1899இல் ஓட்டோ ஃபிராங்க் அதைக் கணிதமாக்கினார். 1972இல் ஆர்தர் கைட்டனும் கூட்டாளிகளும் வெளியிட்ட மாதிரி, நூற்றுக்கணக்கான கட்டங்கள் கொண்ட மாபெரும் வரைபடம். ஆராய்ச்சிக்கு அது பொக்கிஷம், படுக்கையோரத்துக்குச் சுமை.

நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகக் குழு 2004இல் வெளியிட்ட சுழற்சி மாதிரியில் ஆறே அறைகள்: இரு கீழறைகள், பெருந்தமனி, பெருஞ்சிரை, நுரையீரல் தமனி, நுரையீரல் சிரை. அளவு சிறிதானாலும் கீழறைகளுக்கு நடுவிலுள்ள தடுப்புச் சுவரை அது விட்டுவிடவில்லை. நுரையீரல் தமனியை இரத்தக்கட்டி அடைத்தால் வலது கீழறை உப்பி, சுவரை இடப்பக்கம் தள்ளும். இடது கீழறைக்கு இடம் குறையும். பெல்ஜியத்தின் லியேஜில் பன்றிகளிடம் பதிவான தரவுகளுடன் இவ்வகை மாதிரிகள் ஒப்பிடப்பட்டன.

கண்டுபிடிக்க வேண்டிய அளவுருக்கள் பல, கையிலுள்ள அளவீடுகளோ சில. வெவ்வேறு அளவுருக்கள் ஒரே அழுத்த அலையைத் தரக்கூடும் என்பதால், சிலவற்றைப் பொது மதிப்பில் நிறுத்திவைத்தே மற்றவற்றைத் தேடுகிறார்கள்.

இதைவிடச் சாதாரணமான தொல்லையும் உண்டு. கட்டிலை உயர்த்தியவர் அழுத்த உணரியை உடன் உயர்த்த மறந்து, அது இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே நின்றால், அளவு 7 மி.மீ.க்கு மேல் கூடிக் காட்டும். மத்திய சிரை அழுத்தமே பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான். மாதிரி அந்தப் பிழையையும் நோயாளியின் உடல்நிலையாகவே எடுத்துக்கொள்ளும்.