ஓட்டுநருக்குப் பெயர் கிடையாது

டிவியில் விளம்பரம் வந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? ஒருவர் தண்ணீர் குடிக்கப் போவார், ஒருவர் அடுப்பைப் பார்க்கப் போவார், ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர் சேனலை மாற்றுவார். விளம்பரம் என்பது எழுந்து போவதற்கான இடைவேளை. இதை மாற்றி, மக்கள் தாங்களாகவே தேடி வந்து, மணிக்கணக்கில் டவுன்லோடு செய்து ஒரு கார் விளம்பரத்தைப் பார்க்கும்படி 2001ல் ஒரு கம்பெனி செய்தது. அந்தக் கதையைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போகிறேன். பெங்களூரில் ஒரு வங்கிக் கிளையில் வாகனக் கடன் மேசையில் உட்கார்ந்திருப்பவன் நான். கார் ஆசை எங்கிருந்து கிளம்புகிறது என்று யோசிப்பது எனக்குத் தொழில் சம்பந்தப்பட்ட வியாதி :-)

கம்பெனி பி.எம்.டபிள்யூ. தொடரின் பெயர் 'தி ஹயர்', அதாவது வாடகைக்கு. எடுத்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் சினிமா தெரிந்தவர்களுக்குத் தலை சுற்றும். ஜான் ஃபிராங்கன்ஹைமர், ஆங் லீ, வோங் கார்-வாய், கை ரிட்சி, இன்யாரிட்டு. 2002ல் வந்த இரண்டாவது சுற்றில் ஜான் வூ, ஜோ கார்னஹன், டோனி ஸ்காட். மொத்தம் எட்டுப் படம். ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்கு முன்னே பின்னே. எட்டிலும் ஒரே கதாநாயகன், கிளைவ் ஓவன். அவர் பாத்திரத்துக்குப் பெயரே கிடையாது, வெறும் 'டிரைவர்'. யாரோ கூப்பிடுவார்கள், காரை எடுத்துக்கொண்டு போவார், வேலையை முடிப்பார். நம்ம ஊர் ஆக்டிங் டிரைவர் மாதிரிதான், கொஞ்சம் துப்பாக்கிச் சூடு கூடுதல்.

முதல் படம் 'ஆம்புஷ்', ஃபிராங்கன்ஹைமர் எடுத்தது. ராத்திரி, ஆளில்லாத சாலை. பின் சீட்டில் ஒரு வயதானவர். பக்கத்தில் ஒரு வேன் வந்து ஒட்டுகிறது, உள்ளே முகமூடி போட்ட ஆட்கள். "உன் வண்டியில் இருக்கிற ஆள் வைரம் கடத்துகிறான், இறக்கிவிட்டுப் போய்விடு" என்கிறார்கள். வைரத்தை விழுங்கிவிட்டேன் என்கிறார் பெரியவர். இறக்கிவிட்டால் வயிற்றைக் கிழிப்பார்கள். டிரைவர் ஒரு கணம் யோசிக்கிறார், பிறகு ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். கடைசியில் தப்பித்த பிறகு, நிஜமாகவே விழுங்கினீர்களா என்று கேட்டால், பெரியவர் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போகிறார். அவ்வளவுதான் கதை. எத்தனை குதிரைசக்தி, எத்தனை கிலோமீட்டர் மைலேஜ், ஒரு வார்த்தை கிடையாது. புத்தம் புது காரில் குண்டுத் துளைகள் விழுகின்றன. தன் பொருளைத் தானே சுடுவதற்குக் காசு கொடுத்த கம்பெனி!

இந்தத் துணிச்சல் ஒரே நாளில் வந்ததல்ல. அதற்கு முன்னால் பி.எம்.டபிள்யூ ஜேம்ஸ் பாண்டுக்கு வண்டி கொடுத்துப் பார்த்தது. 1995ல் 'கோல்டன் ஐ' படத்தில் இசட்3 வந்தது. படத்தில் அந்தக் கார் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை, சும்மா வந்து போனது. ஆனாலும் ஆர்டர் குவிந்தது. 1999ல் வந்த பாண்டு படத்தில் இசட்8 காரை ஹெலிகாப்டரில் தொங்கிய ரம்பம் இரண்டாகப் பிளந்தது. 2002 படத்தில் பாண்டு ஆஸ்டன் மார்ட்டினுக்கே திரும்பிப் போய்விட்டார். ஆஸ்டன் மார்ட்டின் அப்போது ஃபோர்டு கையில் இருந்தது. அடுத்தவன் படத்தில் நம் கார் விருந்தாளிதான். எப்போது இலையைத் தூக்குவார்கள் என்று தெரியாது. சொந்தமாகவே படம் எடுத்தால் என்ன என்கிற எண்ணம் வந்ததில் ஆச்சரியமில்லை.

கணக்குப் பிள்ளையாக எனக்குப் பிடித்தது பணத்தைத் திருப்பிப் போட்ட விதம். வழக்கமாகப் படம் எடுக்கச் சிலுவானம், ஒளிபரப்பப் பெரும்பணம். டிவி நேரம்தான் கொள்ளை விலை. இவர்கள் படத்துக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, காட்டுவதை இணையத்தில் விட்டார்கள். டிவியில் வந்தது படத்தின் டிரெய்லர் மட்டும், சினிமா டிரெய்லர் போலவே. முதல் நான்கு மாதத்தில் 1.1 கோடி முறை பார்த்தார்கள். யூடியூப் பிறப்பதற்கு நான்கு வருடம் முன்னால் என்பதை மறந்துவிடாதீர்கள். நான் அப்போது பி.காம் முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பிரவுசிங் சென்டரில் ஒரு மணிக்கு முப்பது ரூபாய். ஒரு போட்டோ மேலிருந்து கீழே இறங்குவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். பத்து நிமிடப் படமா, வேற வேலை இல்லையா?

அமெரிக்காவில் அந்த ஆண்டு பி.எம்.டபிள்யூ விற்பனை சுமார் 12 சதவீதம் கூடியது. எல்லாம் இந்தப் படங்களால்தான் என்று விளம்பரக்காரர்கள் மேடைக்கு மேடை சொல்வார்கள். நம்பாதீர்கள். புது மாடல்கள், வட்டி விகிதம் என்று ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் கான் விளம்பர விழாவில் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தெரியாமல், 2003ல் டைட்டானியம் சிங்கம் என்று புதிதாக ஒரு பரிசே ஏற்படுத்தி இதற்குக் கொடுத்தார்கள். அது நடந்த கதை.

கார் கம்பெனி படம் எடுப்பது ஏதோ 2001ல் கண்டுபிடித்தது என்றும் நினைக்க வேண்டாம். ஹென்றி ஃபோர்டு 1914லேயே தன் கம்பெனிக்குள் சினிமாப் பிரிவு தொடங்கிவிட்டார். 1930களில் ஷெவர்லேக்காகப் படம் எடுத்துத் தள்ளியவர் ஜாம் ஹேண்டி என்கிற ஆள். 1904 ஒலிம்பிக்கில் நீச்சலில் வெண்கலம் வாங்கியவர்! சிண்ட்ரெல்லாவை ஷெவர்லே காரில் ஏற்றி 1936ல் ஒரு கார்ட்டூன் படம் எடுத்தார். குழந்தைகள் பார்த்திருப்பார்கள், அப்பாக்கள் காரைப் பார்த்திருப்பார்கள்.

அதே 1936ல் அவர் கம்பெனி எடுத்த 'மாஸ்டர் ஹேண்ட்ஸ்' வேறு ரகம். மிச்சிகன் மாநிலம் ஃபிளின்ட் ஊரில் ஷெவர்லே தொழிற்சாலை. அரைமணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம், கிட்டத்தட்ட பேச்சே கிடையாது. உலோகம் உருகுகிறது, கைகள் வார்க்கின்றன, கைகள் திருகுகின்றன, கைகள் பூட்டுகின்றன, பின்னால் பெரிய வாத்திய இசை. அழகான படம், பொய் சொல்லவில்லை. அமெரிக்க அரசு பாதுகாக்க வேண்டிய படங்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் அந்த வருடம் டிசம்பர் 30ந் தேதி, ஃபிளின்ட் நகரத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். 44 நாள். சங்கத்தை அங்கீகரித்த பிறகுதான் எழுந்தார்கள். படத்தில் அவ்வளவு நெருக்கமாகக் காட்டின கைகளுக்கு என்ன சம்பளம், லைனை எவ்வளவு வேகமாக ஓட்டினார்கள் என்பது படத்தில் இல்லை. விளம்பரத்தில் எதைப் பார்த்தாலும் இந்த ஃபிளின்ட் எனக்கு ஞாபகத்துக்கு வரும். இங்கே நமக்குப் பக்கத்தில் பிடதியில் டொயோட்டா ஆலையில் 2020 நவம்பரில் தொழிலாளர் பிரச்சினை வந்து கதவடைப்பு, வேலைநிறுத்தம் என்று மாதக் கணக்கில் இழுத்தது. மைசூர் ரோட்டில் போகும்போது பந்தலைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள்.

சரி, நம்ம நாட்டில் இந்த மாதிரி ஏதாவது உண்டா? அந்தக் காலத்தில் பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனி நல்ல டாகுமென்டரிகள் எடுத்தது. கிராமம், கைத்தொழில் என்று. கார் கம்பெனி என்றால், கதையாக ஓடின விளம்பரம் 1998ல் சான்ட்ரோவுக்கு வந்ததுதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்த புதிது. அந்தப் பெயரை வாயில் நுழைக்கவே யாருக்கும் தெரியாது. காரும் கொஞ்சம் உயரமாக, விநோதமாக இருந்தது. அவர்கள் செய்தது என்ன? ஷாருக் கானிடம் கொரியக் கம்பெனி ஆள் போய் விளம்பரத்தில் நடிக்கச் சொல்கிறார். "உங்களை யாருக்குத் தெரியும், நான் ஏன் நடிக்கணும்?" என்கிற மாதிரி ஷாருக் கேட்கிறார். அவர் சந்தேகம் தீரத் தீர அடுத்தடுத்த விளம்பரம். சனங்கள் மனதில் இருந்த கேள்வியை நட்சத்திரத்தின் வாயிலேயே கேட்க வைத்தார்கள். ஒரு துப்பாக்கிச் சத்தம் இல்லை, ஒரு துரத்தல் இல்லை. என்னைக் கேட்டால் பி.எம்.டபிள்யூ படங்களைவிட இது கெட்டிக்கார வேலை. அவர்கள் ஏற்கெனவே ஆசைப்படுகிறவனை இன்னும் கொஞ்சம் ஏங்க வைத்தார்கள். இவர்கள் ஆளே தெரியாத இடத்தில் நம்பிக்கையை உண்டாக்கினார்கள். கடன் கொடுக்கிறவனுக்குத் தெரியும் எது கஷ்டம் என்று.

'தி ஹயர்' வந்தபோது பி.எம்.டபிள்யூவுக்கு இந்தியாவில் ஆலை கிடையாது. 2007 மார்ச்சில்தான் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் திறந்தார்கள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம்தான் அந்தப் பகுதி. 2015ல் சச்சின் டெண்டுல்கர் அங்கே வந்து, கைக்கு உறை மாட்டி, ஒரு கார் பூட்டுகிற வேலையில் கை கொடுத்தார். பத்திரிகையெல்லாம் படம் போட்டது. மாஸ்டர் ஹேண்ட்ஸ்!

ஆனால் 'ஆம்புஷ்' மாதிரி ஒன்றை இங்கே கார் விளம்பரமாக எடுத்தால் சிக்கல். விளம்பரத் தர கவுன்சில் வாகன விளம்பரங்களுக்கென்றே விதிகள் வைத்திருக்கிறது. போக்குவரத்து விதி மீறுவதைக் காட்டக் கூடாது, வேகத்தைக் காட்டி ஆபத்தாக ஓட்டத் தூண்டக் கூடாது, சாகசம் இருந்தால் எச்சரிக்கை வாசகம் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். கீழே பொடி எழுத்தில் ஓடுமே, தேர்ந்தவர்கள் செய்தது, நீங்கள் முயல வேண்டாம் என்று, அதுதான். எங்கள் வீட்டுப் பையனுக்கு அதைப் படிக்கக் கண் போவதில்லை.

அந்தத் தேர்ந்தவர்கள் யார்? அவர்களுக்கும் பெயர் கிடையாது. 2016 நவம்பரில் பெங்களூருக்கு மேற்கே திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில் ஒரு கன்னடப் படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து குதித்த மூன்று பேரில் கதாநாயகன் கரை சேர்ந்தார், மற்ற இருவர் மூழ்கினார்கள். நம்ம பக்கம், 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் படப்பிடிப்பில் காரை ஏற்றிக் கவிழ்க்கிற காட்சியில் ஓட்டின ஸ்டன்ட் கலைஞர் இறந்துபோனார். அந்த வீடியோவை வாட்ஸப்பில் எனக்கு ஆறு பேர் அனுப்பினார்கள். அனுப்பியவர்களில் இருவர் அது ஏதோ விளம்பரத்துக்கான ஸ்டன்ட் என்று நினைத்திருந்தார்கள்.

'தி ஹயர்' படங்களை 2005ல் கம்பெனி தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. அதுவரை 10 கோடி முறைக்கு மேல் பார்த்திருந்தார்கள். 2016ல் கிளைவ் ஓவனைத் திரும்ப அழைத்து 'தி எஸ்கேப்' என்று ஒன்று எடுத்தார்கள், நீல் புளோம்காம்ப் இயக்கம். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதற்குள் ஊரே படம் எடுத்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்ததால் பரபரப்பு இல்லை. பென்ஸ்காரர்கள் 2002ல் மைக்கேல் மானை வைத்து, இல்லாத படத்துக்கு ஒரு டிரெய்லர் எடுத்தார்கள். நம்ம டாடா கைக்கு வந்த பிறகு ஜாகுவாரும் 2013ல் 'டிசயர்' என்று ஒரு குறும்படம் எடுத்தது. எதுவும் முதலாவதற்கு ஈடில்லை.

பழைய எட்டும் ரசிகர்கள் ஏற்றி வைத்த பிரதிகளாக இணையத்தில் கிடைக்கின்றன. குழந்தைகளோடு பார்ப்பதானால் ஆங் லீயின் 'சோசன்' பாருங்கள். திபெத்தியச் சிறுவன் ஒருவனைத் துறைமுகத்திலிருந்து பத்திரமாகக் கொண்டுசேர்க்கிற கதை, கார்கள் நடனம் ஆடுகிற மாதிரி இருக்கும். கடைசியில் பையன் கொடுக்கிற பரிசில் ஹல்க் படம் போட்ட பிளாஸ்திரி ஒன்று வரும். அடுத்து ஹல்க் படம் எடுக்கப் போகிற ஆங் லீ தனக்கே ஒரு விளம்பரம் செய்துகொண்டார், ஹி ஹி. இன்யாரிட்டு எடுத்த 'பவுடர் கெக்' மட்டும் பிள்ளைகள் தூங்கின பிறகு. குண்டடிபட்ட போர்ப் புகைப்படக்காரர் ஒருவரை எல்லை தாண்டிக் கொண்டுபோகிறார் டிரைவர், அவர் வழியில் இறந்துபோகிறார். அந்தச் செய்தியைக் கண் தெரியாத அவர் அம்மாவிடம் டிரைவர் போய்ச் சொல்கிற இடத்தில், என்ன கார் என்பது எனக்கு நினைவிலேயே இல்லை.