அடுக்களையில் நடந்த சோதனைகள்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது நான் சற்றே தயங்கினேன். நான் சரித்திரம் பயின்றவன் அல்லன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் பதிவேடுகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தா. மன்னர்களின் வரலாற்றையும் போர்களின் வரலாற்றையும் எழுத வல்லார் பலர் உளர். ஆதலின் அவர்கள் எழுதாது விட்ட சிறிய பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

கடையிலிருந்து ஒரு புதுப்பொருள் வீட்டுக்கு வருகிறது. தாயோ தந்தையோ அதனை முகர்ந்தும் தொட்டும் சுவைத்தும் பார்க்கின்றனர். வீட்டாரையும் பார்க்கச் செய்கின்றனர். பின்னர், “இது நமக்கு ஆகும், இது ஆகாது” என்று தீர்ப்புக் கூறுகின்றனர். இத்தீர்ப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. அதுவே இக்கட்டுரையின் பொருள்.

முற்காலத்தில் இச்சோதனைக்குப் பெருந்தேவை இருந்ததில்லை. எண்ணெய் உள்ளூர்ச் செக்கிலிருந்து வந்தது. செக்கு ஆட்டியவரை நாம் அறிவோம். நெய், வீட்டுப் பசுவின் வெண்ணெயை உருக்கியது. தலைக்குச் சீயக்காய், துணிக்கு உவர்மண். இவை கண்ணெதிரே விளைந்தவை அல்லது எடுக்கப்பட்டவை. பொருளைச் செய்தவரின் முகம் தெரிந்திருந்தமையால், பொருளைப் பற்றிய ஐயம் குறைவாயிருந்தது. முகந்தெரியாதவர் செய்த பொருள், பெட்டியில் அடைபட்டுக் கப்பலேறி வரத் தொடங்கிய நாளில்தான் நம் கதையும் தொடங்குகிறது.

1888ஆம் ஆண்டு கல்கத்தாத் துறைமுகத்தில் ‘சன்லைட்’ சோப்புக் கட்டிகள் நிறைந்த பெட்டிகள் வந்திறங்கின. இங்கிலாந்தில் லீவர் சகோதரர்கள் செய்தது என்ற சொற்கள் அக்கட்டிகளில் பொறிக்கப்பட்டிருந்தன. சோப்பு அழுக்கைப் போக்குமா என்பது மட்டுமா நம்மவர் கேட்ட கேள்வி? அதில் சேர்ந்த கொழுப்பு எவ்விலங்கினுடையது என்பதும் பல இல்லங்களில் எழுந்த கேள்வியன்றோ? பூசையறைக்குச் செல்லும் கை எதனால் கழுவப்படுகிறது என்பது அவர்களுக்குச் சிறிய செய்தியன்று. பம்பாயில் கோத்ரெஜ் நிறுவனத்தார் 1918ஆம் ஆண்டு சோப்புத் தொழிலில் இறங்கி, விலங்குக் கொழுப்பை விலக்கித் தாவர எண்ணெயினால் சோப்புச் செய்து விற்றதற்கு இவ்வையமும் ஒரு காரணம் எனலாம். வீட்டுத் திண்ணையில் எழுந்த கேள்விக்குத் தொழிற்சாலை விடைகூற வேண்டியதாயிற்று.

அடுத்து, நம் இருப்புப்பாதையோடு தொடர்புடைய ஒரு பொருளைக் கூறுவேன். அது தேயிலை. இந்நாட்டில் விளைந்த தேயிலையை இந்நாட்டாரே பருகாதிருந்த காலம் உண்டு. 1903ஆம் ஆண்டு தேயிலை மீது ஒரு தீர்வை விதிக்கப்பட்டது. அப்பணத்தைக் கொண்டு தேயிலைப் பிரசாரம் நடைபெற்றது. முதல் உலகப்போரை ஒட்டிய காலத்தில், வங்காளம், பஞ்சாப் முதலிய பகுதிகளின் இரயில் நிலையங்களில் சிறு வியாபாரிகளுக்குக் கெண்டியும் கோப்பையும் தேயிலைப் பொட்டலமும் கொடுத்து விற்கச் செய்தனர். பிற்பாடு, 1930களில், தேநீர் செய்துகாட்டுவோர் நகரங்களில் வீடு வீடாகவும் சென்றனர்.

ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. பாலையும் சர்க்கரையையும் அளவோடு சேர்க்க வேண்டும் என்பது பிரசாரகர்களின் போதனை. நிலையத்து வியாபாரிகளோ அதனைப் பொருட்படுத்தாமல், மக்கள் விரும்பியவாறு பாலையும் சர்க்கரையையும் தாராளமாகச் சேர்த்தனர். இன்று நாம் நடைமேடையில் நின்று பருகும் தேநீர் அவ்வியாபாரிகளின் தேநீரே. பிரசாரகர்களின் தேநீர் அன்று. புதுப்பொருளை நம்மவர் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. சோதித்தனர், திருத்தினர், பிறகே தமதாக்கிக்கொண்டனர்.

தேயிலையைத் திருத்துவது எளிதாயிற்று. நெய்யின் இடத்துக்கு வந்த பொருள் அத்துணை எளிதில் அடங்கவில்லை. 1937ஆம் ஆண்டு ‘டால்டா’ என்னும் வனஸ்பதி விற்பனைக்கு வந்தது. தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் அது இறுகி நெய்போல் உறைகிறது. இதுவே வனஸ்பதியின் தத்துவம். பனைமரச் சின்னம் பொறித்த அந்தத் தகர டப்பா நாடெங்கும் பரவியது. உள்ளே இருந்தது தீர்ந்த பின்னும் அந்த டப்பா வீட்டை விட்டுப் போகவில்லை. அரிசி அளக்கவும் துளசி நடவும் பயன்பட்டது.

டால்டாவை டால்டா என்று சொல்லி விற்பதில் வஞ்சமில்லை. அதனை நெய்யோடு கலந்து, நெய் என்று கூறி விற்கத் தொடங்கியபோதுதான் வழக்கு எழுந்தது. காந்தியடிகள் தம் ‘ஹரிஜன்’ இதழில் வனஸ்பதியைக் கண்டித்து எழுதினார். அதனைத் தடைசெய்ய வேண்டும் என்ற குரல் பாராளுமன்றத்திலும் ஒலித்தது. தடை வரவில்லை, ஆனால் நுட்பமான ஒரு விதி வந்தது. வனஸ்பதி செய்வோர் அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு நல்லெண்ணெய் சேர்த்தே தீரவேண்டும் என்று அரசாங்கம் விதித்தது. ஏன் நல்லெண்ணெய்? நல்லெண்ணெயில் உள்ள ஒரு பொருள், சர்க்கரையோடும் ஹைட்ரோகுளோரிக் திராவகத்தோடும் சேருங்கால் செந்நிறங்காட்டும். ஆகவே நெய்யில் வனஸ்பதி கலந்திருப்பின் அந்த நல்லெண்ணெயே சாட்சி சொல்லிவிடும். நம் தாய்மார் தலைக்குத் தேய்த்த எண்ணெய், கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றனாகவும் பணிபுரிந்தது!

துணி துவைக்கும் தூளின் கதை வேறு விதமானது. 1959இல் ‘சர்ப்’ வந்தது; கல்லில் கட்டிசோப்பு தேய்த்துப் பழகியவர்களுக்கு வாளியில் நுரையெழுப்பித் துணியை ஊறவைக்கும் முறை கற்பிக்கப்பட்டது. ஆனால் அதன் விலை எளிய குடும்பங்களுக்கு எட்டவில்லை. 1969இல் அகமதாபாத்தில், குஜராத் அரசாங்க அலுவலகம் ஒன்றில் இரசாயனப் பணி செய்துவந்த கர்சன்பாய் பட்டேல் என்பார், ஓய்வு நேரத்தில் தம் வீட்டிலேயே சலவைத்தூள் செய்து, தம் மகளின் பெயரை ஒட்டி ‘நிர்மா’ என்று பெயரிட்டு, மிதிவண்டியில் வைத்துப் பெரிய கம்பெனித் தூளினும் மிகக் குறைந்த விலைக்கு வீடு வீடாக விற்றார். மாதச் சம்பளக்காரரான ஒரு தந்தை, வாங்குவதோடு நில்லாமல் தாமே செய்து பார்த்தார். அப்பொருள் பின்னர் நாடெங்கும் விற்றது.

இனி, என் வீட்டில் நடந்த ஒன்றைக் கூற அனுமதி வேண்டுகிறேன். என் தந்தையாரும் இரயில்வேயில் பணிபுரிந்தவர், கரக்பூரில் குடியிருந்தோம். 1986ஆம் ஆண்டு, எனக்கு ஏழு வயது. தீபாவளிக்கு முன் ஒருவர் காலனிக்கு வந்து, கிராமத்து நெய் என்று கூறி வீடுதோறும் விற்றார். என் தாயார் புறங்கையில் ஒரு துளி தேய்த்து முகர்ந்தார். விரல் நுனியில் எடுத்துச் சுவைத்தார். எங்களையும் சுவைக்கச் செய்தார். “நல்ல நெய்தான்” என்று கூறி இரண்டு கிலோ வாங்கினார். தந்தையாருக்கு ஐயம் தீரவில்லை. பள்ளி ஆசிரியராயிருந்த நண்பர் ஒருவரைச் சோதனைக் குழாயோடும் திராவகத்தோடும் அழைத்து வந்தார். நெய்யை உருக்கி, அதே அளவு திராவகமும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கி வைத்தனர். எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். சில நிமிடங்களில் குழாயின் அடிப்பகுதி செக்கச்செவேலென்று ஆயிற்று.

குழந்தைகளாகிய நாங்கள் நிறத்தைக் கண்டு கைகொட்டினோம். என் தாயார் மட்டும் பேசாதிருந்தார். வெகுநேரங்கழித்துத் தம் கையைப் பார்த்துக்கொண்டே, “வெண்ணெய் காய்ச்சிக் காய்ச்சிப் பழகின கைங்க இது. இந்தக் கையே ஏமாந்து போச்சே” என்றார். பணம் போனதினும் அதுவே அவரை வருத்தியது. தந்தையார், “உன் கை ஊர் நெய்யைப் பழகிய கை. இது ஏமாற்றவே செய்த நெய். உன்மேல் தவறில்லை” என்று தேற்றினார். அவர் கூறியது ஆறுதல் மொழி என்றே அன்று எண்ணினேன். அது வரலாறு என்று பின்னரே உணர்ந்தேன்.

தந்தையாரின் சோதனைக் குழாயும் எல்லாவற்றுக்கும் விடைகூறவில்லை. 1988ஆம் ஆண்டு கல்கத்தாவின் பெஹாலாப் பகுதியில், கலப்பட எண்ணெயை உண்ட நூற்றுக்கணக்கானோர் கைகால் செயலிழந்து கிடந்தனர். கலந்திருந்தது டிரைகிரெசைல் பாஸ்பேட் என்னும் தொழிற்சாலை இரசாயனம். நாவும் அதனை அறியாது; மூக்கும் அறியாது; எங்கள் வீட்டுத் திராவகமும் அறியாது. கரக்பூரிலிருந்து கல்கத்தா தொலைவில் இல்லை. அன்று எங்கள் காலனியில் கடுகெண்ணெய்ப் புட்டிகள் திறக்கப்படாமலே இருந்தன. சென்னையிலிருந்து கோரமண்டல் வண்டியில் வருவோரிடம் நல்லெண்ணெய் கொண்டுவரச் சொல்லி, ஒரு டின்னை மூன்று குடும்பங்கள் பகிர்ந்துகொண்டோம். பத்தாண்டுகள் கழித்து, 1998இல், தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் மீண்டும் துன்பம் நேர்ந்தது. பிரமதண்டுச் செடியின் விதை, கடுகைப்போல் சிறியது, கரியது. அதன் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் உடல் வீங்கும் நோய் பரவி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

வீட்டுச் சோதனை தோற்றுப்போகும் இடத்தில்தான் சட்டம் தேவைப்படுகிறது. 1937இல் விளைபொருள்களைத் தரம்பிரித்து முத்திரையிடும் சட்டம் வந்தது. ‘அக்மார்க்’ முத்திரை அதன் பயன். 1947இல் இந்தியத் தர நிர்ணய நிலையம் தோன்றியது; அதன் ‘ஐ.எஸ்.ஐ.’ முத்திரையை இன்றும் காண்கிறோம். 1954இல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. 1966இல் பம்பாயில் இல்லத்தரசியர் ஒன்பதின்மர் கூடி நுகர்வோர் வழிகாட்டிச் சங்கம் ஒன்றை நிறுவினர். தத்தம் அடுக்களையில் தனித்தனியே முணுமுணுத்ததைச் சேர்ந்து நின்று உரக்கக் கூறினர் என்பதே அதன் பெருமை. 1986இல், எங்கள் வீட்டில் நெய் சிவந்த அதே ஆண்டில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2006இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுப் பழைய கலப்படத் தடைச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது.

வனஸ்பதியின் கதைக்கும் ஒரு பிற்பகுதி உண்டு. எண்ணெயை இறுகச் செய்யும்போது உண்டாகும் ஒருவகைக் கொழுப்பு இருதயத்துக்குத் தீங்கு என்று பின்னாளில் ஆராய்ச்சியாளர் கண்டனர். 2022ஆம் ஆண்டு முதல் அக்கொழுப்பு நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இருத்தல் கூடாது என்று நம் நாட்டில் விதிக்கப்பட்டது. கலப்படமே இல்லாத டப்பாவிலும் நாம் அறியாத ஒன்று இருந்திருக்கிறது. எந்தத் தாயின் நாக்கு அதனைக் கண்டுபிடித்திருக்க முடியும்?

ஆதலின் வீட்டுச் சோதனை வீண் என்று கூறுவேனல்லேன். சோப்பில் கொழுப்பு எது என்று கேட்டவரும், நெய்யைப் புறங்கையில் தேய்த்தவரும், தூளின் விலையைக் கேட்டு வாய்பிளந்தவரும் இல்லையெனின், தொழிற்சாலையும் மாறியிராது, சட்டமும் பிறந்திராது. சட்டம் வந்துவிட்டது என்று நாம் சோதிப்பதை விட்டுவிடின், அச்சட்டமும் ஏட்டில் உறங்கும்.

என் தாயார் இன்று எங்களோடு இருக்கிறார். புது நெய் வந்தால் இன்றும் புறங்கையில் ஒரு துளி தேய்க்காமல் விடுவதில்லை. பிறகு பொட்டலத்தைப் பேத்தியிடம் நீட்டுகிறார். அவள் முத்திரையையும் உரிம எண்ணையும் தேதியையும் உரக்கப் படிக்கிறாள். இரண்டும் ஆனபின்னரே டப்பா அலமாரிக்குப் போகிறது.

இறுதியாக, சங்க நிருவாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். எளிய கலப்படச் சோதனைகளை அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. நம் மாதாந்தரக் கூட்டங்களில் ஒன்றை இதற்கென ஒதுக்கி, மகளிர் அணியினர் முன்னின்று, காலனிக் குடும்பங்கள் தத்தம் வீட்டு எண்ணெயையும் நெய்யையும் மிளகாய்த்தூளையும் கொண்டுவந்து ஒன்றாகச் சோதிக்க ஏற்பாடு செய்யலாம். திராவகம் தேவைப்படும் சோதனைகளை மட்டும் அறிந்தவர் செய்க. பிள்ளைகள் தள்ளி நின்று காண்க. ஊரை விட்டு வந்த நமக்கு, செக்கு ஆட்டுபவரின் முகம் தெரியாது. பக்கத்து வீட்டாரின் முகமாவது தெரியும். ஒரு டின் நல்லெண்ணெயை மூன்று வீடாகப் பகிர்ந்த காலனி இதனையும் செய்யும் என்று நம்புகிறேன்.

வாழ்க நம் சங்கம்! வளர்க தமிழ்!